என் கையால் எடுக்காத ரத்தம்

திருச்செங்கோட்டுக் கடைவீதியில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருபத்திரண்டு வருடமாக வேலை செய்கிறேன். ஊசியைக் கண்டாலே மயங்கி விழும் பஸ் கண்டக்டர், கையைத் தரமாட்டேன் என்று அலறும் பிள்ளை, ரத்தக்குழாய் தட்டுப்படவே தட்டுப்படாத கிழவி, எல்லோருக்கும் என்னிடம் ஒரே குத்துதான். இரண்டாவது தடவை குத்த நேர்ந்தால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது. அப்பேர்ப்பட்ட நான் என் வீட்டுக்காரரின் ரத்தத்தை மட்டும், காலம் கடந்து போகும்வரை, ஒருநாளும் எடுத்ததில்லை. முன்பே எடுத்திருந்தால், அவருடைய வலது பாதத்தை வெட்டாதீர்கள் என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று பிச்சை கேட்கிற நிலைமை எனக்கு வந்திருக்காது.

காரணம் இருந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் என் அப்பாவுக்கு நான்தான் ரத்தம் எடுத்தேன். அந்த வாரமே அவர் மாரடைப்பில் போய்விட்டார். ஊசிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் மனசு கேட்கவில்லை. இனி சொந்தக்காரர் கையில் ஊசி வைப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். எங்கள் கூடத்தில் இன்னொருத்தியும் அப்படித்தான். அவள் வீட்டு ஆட்களுக்கு நான் எடுப்பேன், என் வீட்டு ஆட்களுக்கு அவள் எடுப்பாள். யாருக்கும் இது தப்பாகப் படவில்லை.

அவர் ரிக் வண்டியில் டிரில்லர். ஆழ்துளைக் கிணற்றுக்குப் போர் போடும்போது இயந்திரத்தை இயக்குகிறவர். எங்கள் ஊர் ரிக் வண்டிகள் போகாத மாநிலம் கிடையாது, அவரும் முப்பது வருடத்தில் பாதி நாட்டைத் துளைத்துவிட்டார். மழைக்காலத்தில் இரண்டு மாதம் வீட்டில் இருப்பார், மீதி மாதமெல்லாம் போனில் இருப்பார். அவருக்கு ஒரு பழக்கம். மற்றவர்கள் பூட்ஸ் மாட்டிக்கொண்டு நிற்கிற இடத்தில் இவர் செருப்பைக் கழற்றிவிட்டு, லீவர்களுக்குப் பக்கத்தில் இருக்கும் இரும்புத் தகட்டின் மேல் வெறுங்காலோடு நிற்பார். அடியில் பாறை உடைகிற அதிர்வு, ஒன்றோடு ஒன்று கோத்து இறக்கும் இரும்பு ராடு வழியாக மேலே வந்து, தகட்டுக்கு வந்து, அவர் உள்ளங்காலில் ஏறும். கெட்டிப் பாறைக்கு ஒரு அதிர்வு, வெடிப்பு விட்ட பாறைக்கு இன்னொன்று. "இன்னும் ரெண்டு ராடுல தண்ணி" என்பார். வந்துவிடும். "அண்ணனுக்குக் காலுதானுங்கக்கா காது" என்று கூட வேலை செய்கிறவர்கள் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். அவர் மீசைக்குள் சிரிப்பார். அந்தக் கர்வம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

பத்து வருடத்துக்கு முன்னால் அவருக்குச் சர்க்கரை வந்தது. நான் விடவில்லை. மாத்திரைகளை வேளைவாரியாகப் பிரித்துக் கட்டிக் கொடுத்தேன். எந்த ஊரில் இருந்தாலும் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை அங்கே உள்ள லேப்பில் ரத்தம் கொடுத்து, ரிப்போர்ட்டைப் போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும் என்று கண்டிஷன் போட்டேன். தாமதமானால் போனில் வாங்கிக் கட்டிக்கொள்வார். ஆரம்பத்தில் எட்டு, எட்டரை என்று இருந்த மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை, மூன்று வருடத்துக்கு முன்னால் திடீரென்று ஆறுக்குக் கீழே இறங்கியது. ஒருதரம் அஞ்சே முக்கால். அடுத்த தரம் அஞ்சு புள்ளி ஆறு. சர்க்கரையே இல்லாத ஆளுக்கு வருகிற எண் அது. நாள் முழுக்க ரிப்போர்ட் அடிக்கிற எனக்கு அது உறைக்க வேண்டாமா? உறைக்கவில்லை. மாறாக அந்தப் போட்டோக்களை லேப்பில் எல்லோருக்கும் காட்டினேன். சர்க்கரை ஏறிப்போய் வருகிறவர்களை, "என்ற ஊட்டுக்காரரு லாரில கெடந்துக்கிட்டே கட்டுப்பாடா இருக்காரு. ஊட்டுல உக்காந்து திங்கற உங்களுக்கு என்னங்க கேடு?" என்று விரட்டினேன். ஊருக்கெல்லாம் குறி சொல்லும் பல்லி கழனிப் பானையில் விழுந்ததாம். அந்தப் பல்லி நான்தான்.

போன ஐப்பசியில் மழைக்கு வண்டி ஊர் திரும்பியது. பஸ் இறங்கி நடந்து வந்து வாசலில் நின்றவரைப் பார்த்து நான் சிரித்துவிட்டேன். ஒரு காலில்தான் செருப்பு இருந்தது.

"ஏனுங்க, இன்னொரு செருப்பை எந்த ஊர்ல வித்தீங்க?"

அவர் குனிந்து பார்த்தார். "அட, ஆமா. எங்க போச்சு?"

"எங்க போச்சா? கழண்டு உழுந்தது கூடத் தெரியாமயா நடந்து வந்தீங்க? ஆளு வந்து சேந்ததே பெருசுதான் போங்க."

நான் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். அவர் உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் நடந்து வந்த தரையில் ஒற்றைக் காலின் தடம் சிவப்பாக வரிசை கட்டியிருந்தது. காலைத் தூக்கிப் பார்த்தேன். பழைய டயரில் இருந்து பிரிந்து கிடக்குமே, அந்தக் கம்பித் துண்டு, பெருவிரலுக்குக் கீழே முழுசாக ஏறியிருந்தது. நான் குறட்டால் பிடித்து இழுத்தபோது அவர் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"வலிக்குதுங்களா?"

"கொஞ்சூண்டு" என்றார். அப்புறம் ஏதோ ஞாபகம் வந்தவர் போல முகத்தைச் சுளித்தார்.

அடக் கெரகமே, அந்தச் சுளிப்பிலேயே நான் பிடித்திருக்க வேண்டும். கால் மரத்துவிட்டது என்பது வரைக்கும்தான் எனக்குப் புரிந்தது. சர்க்கரை அஞ்சே முக்காலில் இருக்கிறவருக்குக் கால் ஏன் மரக்கிறது? சர்க்கரையாக இருக்க முடியாது என்று நானே தீர்ப்பு எழுதிவிட்டேன். முதுகுத் தண்டு டாக்டரிடம் கூட்டிப்போனேன். ஸ்கேன் எடுத்தோம். வைட்டமின் ஊசி போட்டோம். போகிற இடத்திலெல்லாம், டாக்டர் வாயைத் திறக்கும் முன்னால், போனை நீட்டி, "சுகர் அருமையா இருக்குதுங்க, பாருங்க" என்று அந்தப் போட்டோக்களைக் காட்டினேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டிருப்பார். ஒரு மாதம் இப்படியே போனது. கம்பி ஏறிய புண் மூடவில்லை. கொஞ்சம் மூடுவது போல மேலே தோல் கட்டும், அடியில் குழி பறித்துக்கொண்டே போகும்.

அப்போதுதான் சேலத்தில் ஒரு மருத்துவக் கல்லூரியில் சர்க்கரைக்காரர்களின் நரம்பு பற்றி ஆராய்ச்சி நடக்கிறது, ரத்தம் கொடுக்க ஆள் கேட்கிறார்கள் என்று எங்கள் லேப்பில் பேச்சு வந்தது. புண்ணையும் அங்கேயே பார்ப்பார்கள் என்று கூட்டிப்போனேன். ஆராய்ச்சி செய்கிற டாக்டர் சின்ன வயதுப் பெண். பொறுமையாகப் பேசினாள். நைலான் இழை ஒன்றை வைத்து அவர் பாதத்தில் உணர்ச்சி இருக்கிறதா என்று அங்கங்கே தொட்டுப் பார்த்தாள். பிறகு விளக்கினாள்.

"நரம்பு சேதமாகறப்ப அதுக்குள்ள இருக்கற ஒரு புரதம் ஒடைஞ்சு ரத்தத்துல கலந்துடும், ஐயா. ரொம்ப ரொம்பக் கொஞ்சமா. அதை அளந்து பாத்தா, கால் மரத்துப்போறதுக்கு முன்னாடியே தெரிஞ்சுக்க முடியுமான்னு பாக்கறோம். இன்னும் ஆராய்ச்சிதான். எல்லா லேப்லயும் செய்யற டெஸ்ட் இல்ல."

அத்தனை நாளாக வாயே திறக்காத மனுஷன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "நாங்க போர் போடறப்ப ராடுக்கு ஒரு கைப்புடி தூளை எடுத்து வரிசையா வெப்போமுங்க. கீழ என்ன ஒடையுதோ அது மேல வந்துருமில்லீங்க. குழிக்குள்ள எறங்கிப் பாக்காமயே சொல்லிப்போடலாம். அதாட்டத்தானுங்க?"

"அதேதாங்க ஐயா" என்று டாக்டர் சிரித்தாள். "ரத்தம் பொய் சொல்லாது."

அவர் முகம் சட்டென்று அணைந்துவிட்டது. பசிக்கிறது போல என்று நான் நினைத்தேன்.

அங்கே இருந்த நர்ஸ் ரத்தம் எடுத்தாள். நான் வழக்கம்போல வெளியே போய் நின்றுகொண்டேன். நரம்புப் புரதத்தின் முடிவு வர நாளாகும், வழக்கமான மூன்று மாதச் சர்க்கரை முடிவு மட்டும் அன்றைக்கே வரும் என்றார்கள். மத்தியானம் வந்தது. பதினொன்று.

நான் ஆடிவிட்டேன் ஆடி. "பேரை மாத்தி ஒட்டிட்டீங்க. இருபத்திரண்டு வருசமா இந்தப் பொழப்பு பாக்கறவ நானு. ஒரு டியூப்புல ஸ்டிக்கர் மாறுனா என்னாகும்னு எனக்குத் தெரியாதா? எவனோ ஒருத்தனோட ரத்தத்தை என்ற ஊட்டுக்காரரு தலைல கட்டறீங்களா?" என்று வராந்தாவே திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன். நர்ஸ் அழுதுவிட்டாள். அந்தப் பெண்ணிடம் நான் பிறகு மன்னிப்புக் கேட்டேன். கேட்டும் என்ன, கண்ணீர் வந்தது வந்ததுதான்.

டாக்டர் கோபப்படவில்லை. "இன்னொரு தடவை எடுத்துடலாம் அக்கா. நீங்களே எடுங்க. நீங்களே பேர் எழுதி ஒட்டுங்க" என்று ஊசியையும் குழாயையும் என்னிடம் நீட்டினாள்.

என்னால் முடியாது என்று எப்படிச் சொல்வது? வாய்ப்பேச்சு பேசியவள் நான். அவரை உட்கார வைத்து, சட்டைக் கையை மடித்து, ரப்பர் பட்டையைக் கட்டினேன். முப்பது வருடம் ராடு தூக்கிய கை. ரத்தக்குழாய் கயிறு போலப் புடைத்து நின்றது. கண்ணை மூடிக்கொண்டு கூட எடுக்கலாம். மனதுக்குள் அப்பாவிடம் சொல்லிக்கொண்டு ஊசியைக் கொண்டுபோனேன்.

"வேண்டாஞ்சாமி" என்றார் மெதுவாக. என்னை அவர் எப்போதும் சாமி என்றுதான் கூப்பிடுவார். "உன்ற கையால எடுத்தாலும் அதேதான் வரும்."

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"இந்த மூணு வருசமா நீ பாத்த ரிப்போர்ட்டு எதுவும் என்ற ரத்தமில்ல. நம்ம வண்டில சமையல் பண்றாரில்ல, அவருது."

அந்தச் சமையல்காரரை எனக்குத் தெரியும். ஐம்பது வயசு, ஈர்க்குச்சி உடம்பு, சர்க்கரையின் வாடையே இல்லாதவர். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை இவர் பெயரைச் சொல்லி அவர் கை நீட்டியிருக்கிறார். மழைக்கு ஊர் திரும்பும் முன்பும் ஒன்று வந்துவிடும், அதனால் இங்கே எடுக்க வேண்டியே வந்ததில்லை. நான் அந்த மனுஷனின் ரத்தத்தைப் பார்த்துத்தான் மூன்று வருடம் பூரித்திருக்கிறேன்.

"ஏனுங்க? எதுக்குங்க இப்படிப் பண்ணுனீங்க?"

"அப்பவே ஒம்பதுக்கு மேல போயிருச்சு. காலும் போயிருச்சு. தகட்டு மேல நிக்கறேன், ஒண்ணுமே கேக்கல. காலுக்குக் கீழ இருக்கறது மண்ணா இரும்பான்னு தெரியல. உனக்குத் தெரிஞ்சா வண்டிக்கு உடமாட்டீல்ல? ஊட்டுல உக்காந்து நான் என்ன பண்றது?"

"அப்பறம் தண்ணி வருமுன்னு எப்படிச் சொன்னீங்க?"

"தூளைப் பாத்துச் சொன்னேன். சத்தத்தைக் கேட்டுச் சொன்னேன். பாதி நாளு சும்மா சொன்னேன்." தன் பாதத்தைப் பார்த்தபடி, "மொத ரிப்போர்ட்டு அனுப்புனப்ப நீ போன்ல எப்படிச் சிரிச்சே தெரியுமா? அதுக்கப்பறம் நெசத்தைச் சொல்ல வாயி வரல" என்றார்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். இவர் தன் காலையே மறைத்திருக்கிறார். ஓங்கி அறையலாம் போல இருந்தது. கட்டிக்கொண்டு அழலாம் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. ஊசியை வைத்தேன். ஒரே குத்து. குழாயில் ரத்தம் ஏறியது. அவர் பெயரை என் கையால் எழுதி ஒட்டினேன். பதினொன்று புள்ளி ஒன்று வந்தது.

அதற்குப் பிறகு இன்சுலின், கட்டு, மாத்திரை என்று நாட்கள் ஓடின. சர்க்கரை இறங்கியது, புண் ஆறவில்லை. தை பிறந்ததும் அறுவை சிகிச்சை டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். புண் எலும்பைத் தொட்டுவிட்டது. பாதத்தின் முன்பாதியை எடுத்துவிடலாம், தள்ளிப்போட்டால் முழங்கால் வரைக்கும் ஏறும் என்றார். கால் பிழைக்க வேண்டுமானால் பாதம் போக வேண்டும். எந்தக் காலை வைத்து அவர் மனுஷனாக நடமாடினாரோ அதை எடுப்பதற்கு என்னிடம் கையெழுத்துக் கேட்டார்கள். வீட்டுக்கு வந்து, மலைக்கோயில் படி அத்தனையும் ஏறிப்போய், ஏற்கனவே என் அப்பனை எடுத்துக்கொண்டாய், இந்தக் காலையாவது விடு என்று சாமியிடம் சண்டை போட்டேன்.

அந்த வாரம்தான் ஆராய்ச்சி டாக்டர் போன் செய்தாள். நரம்புப் புரதத்தின் முடிவு வந்துவிட்டது. இதை ரிப்போர்ட்டாகத் தருவதில்லை, இதை வைத்து வைத்தியத்தை முடிவு செய்யவும் கூடாது என்று பலமுறை சொல்லிவிட்டு, "ரொம்ப அதிகமா இருக்குக்கா" என்றாள்.

"அப்படின்னா?"

"நரம்பு இன்னும் ஒடைஞ்சுகிட்டு இருக்குன்னு அர்த்தம்."

போனை வைத்துவிட்டு அவரிடம் சொன்னேன். அவர் யோசித்தார். "தூளு வருதுன்னா கீழ இன்னும் கல்லு மிச்சமிருக்குதுன்னுதானே சாமி அர்த்தம்?"

ஆமாம் என்று தோன்றியது. உடைந்துகொண்டிருக்கிறது என்றால் உடைய இன்னும் மிச்சம் இருக்கிறது. மிச்சம் இருப்பதைப் பிடித்து நிறுத்திவிட்டால்? எனக்குப் பைத்தியம்தான். திரும்ப டாக்டரைக் கூப்பிட்டுக் கேட்டேன். "அது மொத்த உடம்புக்குமான அளவு அக்கா. எந்தக் கால், எந்த விரல்னெல்லாம் அது சொல்லாது" என்றாள். அதை நான் காதில் வாங்கவே இல்லை. வேண்டியதை மட்டும் கேட்கிற காது எனக்கு மூன்று வருடமாகவே இருக்கிறது.

அன்றைக்குச் சாயந்திரமே தொடங்கினேன். புது விளக்குமாற்றில் இருந்து மெல்லிய ஈர்க்குச்சி ஒன்றை உருவிக் கழுவினேன். அவரைக் கட்டிலில் படுக்க வைத்து, கண்ணை மூடச் சொல்லி, கட்டுப் போட்ட இடத்தை விட்டுவிட்டு, உள்ளங்காலில் பத்து இடத்தில் தொட்டேன். "தெரிஞ்சாச் சொல்லுங்க."

முதல் நாள் மூன்று சரி. மறுநாள் ஐந்து. அடுத்த நாள் ஏழு. நான் தொட்ட மறுநொடி, "இப்பத் தெரியுது" என்பார். தப்பவே தப்பாது. எனக்குத் தலைகால் புரியவில்லை. அறுவை சிகிச்சை டாக்டரிடம் ஓடினேன். "உணர்ச்சி திரும்புதுங்க. நான் பாத்துட்டேனுங்க. பத்து நாளு குடுங்க, கால்ல உழுந்து கேக்கறேன்." அவருக்கு நம்பிக்கை இல்லை. புண்ணுக்கும் உணர்ச்சிக்கும் முடிச்சுப் போடாதீர்கள் என்றார். நான் அழுத அழுகையில், மருந்தைக் கூட்டி எழுதி, பத்து நாள், அதற்கு மேல் ஒரு நாள்கூட இல்லை என்றார்.

எட்டாம் நாள் பத்துக்குப் பத்து வந்தது. ஒன்பதாம் நாள் புண்ணின் கட்டுத் துணியில் இருந்து லேசாக வாடை வந்தது. புண் ஆறுகிற நேரத்தில் வாடை ஏன் வருகிறது? அன்று சாயந்திரம் ஈர்க்குச்சியோடு உட்கார்ந்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார், எப்போதும் போலப் புன்னகையோடு. நான் கையை நீட்டினேன். தொடுவதற்கு முன்பே, "தெரியுது" என்றார்.

என் கை காற்றில் நின்றது. கையில் இருந்த கண்ணாடி வளையல்கள் இன்னும் ஆடிக்கொண்டிருந்தன.

மறுபடியும் கையை அசைத்தேன். குச்சி அவர் பாதத்துக்கு அரையடி தள்ளி இருந்தது. வளையல் குலுங்கியது.

"தெரியுது சாமி. நல்லாத் தெரியுது."

இத்தனை நாளையும் அவர் எனக்காக ஓட்டியிருக்கிறார், போனில் என்னைச் சிரிக்க வைத்தது போலவே. வளையல் சத்தத்தைக் கேட்டு அவர் சொன்னதை நம்பி நான் அவர் காலைப் பணயம் வைத்திருக்கிறேன். வளையல்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மடியில் போட்டுக்கொண்டேன். பிறகு ஈர்க்குச்சியை அவர் உள்ளங்காலின் நடுவில் வைத்து அழுத்தினேன். குச்சி வளைந்தது. இன்னும் அழுத்தினேன். முனை பதிந்து தோல் வெளுத்தது.

அவர் கண்ணை மூடியபடியே, பொறுமையாகக் காத்துக்கொண்டிருந்தார்.

"ஏஞ்சாமி, இன்னும் ஆரம்பிக்கலியா?" என்றார்.